தன் கண்ணால் வாசித்தவர்

காலைப் பூசைக்குப் புறப்பட்டு நின்றேன். இமெல்டாவின் பக்கத்து வீட்டு நசீமா என் படலையடியில் வந்து சொன்னார்: "அன்ரி, இமெல்டா அன்ரி போயிட்டாங்க. கதிரையிலயே." பூசைக்குப் போகாமல் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தேன்.

துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை தட்டச்சாளராக இருந்தவர் செல்வி இமெல்டா. கன்னியர் மடப் பள்ளியில் என் வகுப்புத் தோழி. கையில் ஆங்கில நாவல் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. பார்வை மங்கிய பிறகு, பின்னேரங்களில் நான் போய் வாசித்துக் காட்டினேன். உச்சரிப்பில் நான் கண்டிப்பானவள்.

"நீர் வாசிச்சால் கொலைகாரன்கூடப் பள்ளிக்கூட அசெம்பிளியில நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாகமுன்னம் ஒரு புத்தகமாவது என்ர கண்ணால வாசிச்சு முடிக்கவேணும்," என்பார்.

லண்டனில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன், மின்நூல் வாசிக்கும் கருவியொன்று அனுப்புவதாகத் தொலைபேசியில் சொன்னார். பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம் என்று அடுக்கினார்.

"பாட்டு வேண்டாம் மோனே. எழுத்துப் பெருசா வரவேணும். அடிக்கடி கரண்ட் போற ஊர், சார்ஜ் கனநாள் நிக்கவேணும்."

"உள்ளுக்கு லைற் இருந்தால் நல்லதெல்லே?" என்று நான் குறுக்கிட்டேன்.

"குண்டு போடப் பிளேன் வருது எண்டு ஹாபர் முழுக்க லைற்றை நூத்து இருட்டாக்கச் சொல்லுறாங்கள். நீர் லைற் கேக்கிறீர்!"

கருவி வந்தது. தமிழ் எழுத்துகள் அதில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. இன்றும் நான் மன்னிக்காத குறை அது. தமிழுக்கு நான், ஆங்கிலத்துக்கு அது என்று பிரித்துக்கொண்டோம்.

ஒருநாள் கண் வைத்தியரிடம் போய்த் திரும்புகையில், சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில கதைக்க ஏலுமா?"

"ஏலாது தம்பி. படம் பிடிக்கவும் ஏலாது. வாசிக்க மட்டும்தான்."

இமெல்டா ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். சிப்பாய் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சத் தூரம் நடந்தபின், "வேற ஒண்டும் செய்யத் தெரியாததாலதான் இது தப்பினது," என்று இமெல்டா சிரித்தார்.

போன மாதம் ஒரு துப்பறியும் நாவலைத் தன் கண்ணாலேயே வாசித்து முடித்துவிட்டதாகச் சிறுபிள்ளைபோல் என்னிடம் சொன்னார்.

"கொலைகாரன் ஆர்?" என்று கேட்டேன்.

"நீரே வாசியும்!"

நசீமா வந்து சொன்ன அன்று காலை நான் போனபோது இமெல்டா கதிரையில் சாய்ந்திருந்தார். மடியில் கருவி, இன்னொரு நாவலின் நடுப்பக்கம். ஆகப் பெரிய எழுத்து, சில வரிகள் மட்டும். வாசலில் நின்றபடி, கண்ணாடி போடாமலே என்னால் வாசிக்க முடிந்தது.

"நிப்பாட்டி வைக்கவா அன்ரி?" என்று நசீமா கேட்டார்.

"வேண்டாம் பிள்ளை. அந்தப் பக்கம் அப்படியே கிடக்கட்டும்."

யாரும் வாசித்துக் காட்டாமல் அவ்வளவு தூரம் தனியே வந்திருந்தீர், இமெல்டா. சமாதானமாகப் போய்வாரும்.