பெரிய வெள்ளியன்று வறுத்த ஈரல்

மார்ச் மாத வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினால் என்ன வாசனை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. சூடேறிய பிளாஸ்டிக், பழைய டீசல், கழுத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் கரைந்து வரும் இனிப்பு, எல்லாம் சேர்ந்து அடிவயிற்றிலிருந்து குமட்டும். கோட்டு என் அப்பாவுடையது. கம்பெனி வேன் ஓட்டுகிற அவர், மழைக்காலம் முடிந்ததும் அதை மடித்துப் பரண்மேல் போட்டுவிடுவார். ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் ரோட்டில், தொழிற்சாலை மதில் ஓரமாகவே ஓடுவேன். காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்களின் ஜன்னலில் தூங்கி வழிகிற முகங்கள் என்னைப் பார்த்துவிட்டு, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்கும்.

நான் ஓடியது வியர்த்து எடை குறைக்க. எங்கள் ஊரில் பெண்கள் கபடி அணி ஒன்று இருந்தது. மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த திடலில் சாயங்காலமெல்லாம் புழுதி பறக்கும். நான் இடது கார்னர். பாடிக்கொண்டு உள்ளே வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்றால், அவள் என்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுவது நடக்காத காரியம். அதற்குக் காரணம் என் தொடைகள். தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கும் அக்காமார்கள், “பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி இம்மாந் தொட?” என்று சத்தமாகவே கேட்பார்கள். நான் பாவாடையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டிக்கொள்வேன். திடலில் பெருமையாக இருந்த அதே தொடை, குழாயடியில் எனக்கே அசிங்கமாகிவிடும்.

ஈஸ்டர் முடிந்த கையோடு வாலாஜாபாத்தில் மாவட்ட அணிக்கான தேர்வு இருந்தது. எங்கள் வயதுப் பெண்களுக்கு எடை வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் ஆட்டக் கோட்டுக்குள் கால் வைக்கவே விடமாட்டார்கள். அது எத்தனை கிலோ என்று இங்கே எழுதப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த எண்ணை எங்கேயாவது பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எங்கள் மாஸ்டர் ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், நல்ல மனிதர், ஒரு பைசா வாங்கியதில்லை. அவர் ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஸ்டெல்லா, நீ தாண்டிக்கினு கீற. கொறைச்சாதான் டீம்ல இடம்” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எப்படி என்பதைச் சொல்லித்தரப் பெரிய பெண்கள் இருந்தார்கள். ராத்திரிச் சோறு வேண்டாம், புளிமிட்டாயை வாயில் போட்டு ஊறுகிற எச்சிலையெல்லாம் துப்பு, “தண்ணி கூட எடதாண்டி” என்றார்கள். சாயங்காலம் பழைய இரும்புக் கடைக்குப் போய், கம்பெனிகளிலிருந்து வந்து குவிந்திருக்கும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, எடைபோடும் மேடையில் ஏறி நிற்பேன். கடைக்காரர், “என் கடையில எல்லாம் ஏறிக்கினு கீது, நீ ஒருத்திதாம்மா எறங்கிக்கினே போற” என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன், எழுந்து கண்ணாடி முன் நிற்பேன், மறுபடியும் வாசலுக்குப் போவேன். பசி என்பது வயிற்றில்தான் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது கை, கால், கண் என்று எல்லா இடத்திலும் ஊர்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் இது எப்படி மறைந்தது என்று கேட்பீர்கள். மறைக்க நான் ஒன்றுமே செய்யவில்லை. சாம்பல் புதன் வந்தது. கோவிலில் சாமியார் எங்கள் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டதும் தவக்காலம் தொடங்கிவிடும். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை ஒரு வேளை மட்டும் உண்டு “ஒருசந்தி” இருப்பவர்கள் எங்கள் தெருவில் பலர். அன்று காலை இட்லியைத் தள்ளிவைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் சாம்பல் இருந்தது. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று ஞாயிறு வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். கடமை இல்லாமலே இருக்கிறாள் என்றால் எவ்வளவு பக்தி என்று அம்மா கண் கலங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ஊரே எனக்குக் காவல் நின்றது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோவிலில் கஞ்சி ஊற்றும்போது நான் வேண்டாம் என்று கையைக் காட்டினால், ஊற்றுகிறவர் கரண்டியை மரியாதையாகத் தூக்கிக்கொள்வார். “அந்தப் பொண்ண பாரு, உனக்கும் வாய் கீதே” என்று மற்ற வீடுகளில் பிள்ளைகள் என்னால் திட்டு வாங்கினார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஏன்டி இப்படி எலும்பாகிவிட்டாய் என்று கேட்டிருந்தால் அப்போதே அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் பாராட்டினார்கள். குழாயடி அக்காமார்கள்கூட, “இப்பதான்டி லட்சணமா கீற” என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் ஒரு வேளையை விட்டேன்.

அந்த நாட்களில்தான் எனக்கு மாதவிடாய் நின்றது. முதல் மாதம் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை என்றதும் எங்கள் அணியில் பாடிப் போகும் ரைடர் தேவியிடம் மட்டும் சொன்னேன். எங்கள் ஆட்ட டவுசர் வெளிர்மஞ்சள் நிறம். எவனோ ஓர் ஆண்பிள்ளை கடையில் நின்று தேர்ந்தெடுத்த நிறம். “டேட்டு” வரும் நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு ஆடுவதற்குள் தேவிக்கு உயிர் போய்விடும். மாஸ்டரிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக உட்காருவாள். அவள் என்னைப் பொறாமையோடு பார்த்து, “குடுத்து வச்சவடி நீ” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உடம்பு எனக்குப் பரிசு கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு திடலுக்குப் போனால், நான் பிடித்த கணுக்கால்களெல்லாம் கையைவிட்டு நழுவிப் போய்க்கொண்டிருந்தன. கெண்டைக்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. அணியில் இடம் வேண்டும் என்பதற்காக, எதனால் எனக்கு அணியில் இடம் கிடைத்ததோ அதையே கரைத்துக்கொண்டிருந்தேன். அது அப்போது புரியவில்லை. இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்றுதான் பட்டது.

என் அம்மா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். பெல்ட்டில் நகர்ந்து வரும் பொருளில் எது குறைகிறது என்று நின்றுகொண்டே பார்ப்பதுதான் வேலை. எங்கள் இருவருக்கும் சேர்த்து பெரிய பாக்கெட்டாகத்தான் நாப்கின் வாங்குவாள், பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் இருக்கும். அது தீர வேண்டிய நேரத்தில் தீரவில்லை. வாங்கிவைத்த அடுத்த பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. அம்மா என்னைப் பார்ப்பாள், நான் திரும்பினால் அடுப்பைப் பார்ப்பாள்.

பெரிய வெள்ளியன்று அவளுக்கு விடுமுறை. இயேசு இறந்த நாள். எங்கள் வீடுகளில் அன்று சாயங்காலம் கஞ்சி குடிக்கும்வரை பெரியவர்கள் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள், இறைச்சி என்ற பேச்சே கிடையாது. காலையிலேயே அம்மா ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பை வரை போய்விட்டு வந்தாள். மூன்று மணி வழிபாட்டுக்குத் தெரு முழுக்கக் கோவிலுக்குப் போனது. அப்பாவையும் அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

“யாருடி அவன்?”

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “எவன்மா?”

“பொய் சொல்லாத. பாக்கெட்டு பிரிக்காம அப்டியே கீது. கம்பெனி பஸ்ல எத்தினி கத கேக்கறேன் தெரியுமா? சொல்லிடு. உங்க அப்பாவுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடு.”

யாரும் இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தாள். கர்ப்பமா என்று பார்க்கும் அட்டை. ஊர் மருந்துக் கடையில் கேட்க முடியாமல் படப்பைக்குப் போயிருக்கிறாள். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து இருவரும் செய்தோம். கோவில் ஒலிபெருக்கியில் இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குளியலறை வாசலில் குனிந்து நின்றோம். ஒரு கோடு வந்தது. இரண்டாவது கோடு வருமோ என்று அம்மா அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரவில்லை. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அழுது முடித்ததும் நிமிர்ந்தாள். “அப்ப ஏன்டி வரல?”

“சாப்புடாததால இருக்கும்மா.”

“ஒருசந்தி எல்லாருந்தான் இருக்கறாங்க. யாருக்கு நின்னுச்சி?”

“ஒருசந்தி இல்லம்மா. எட கொறைக்கறேன்.”

அவள் கண் என் நெற்றிக்குப் போனது. “சாமிக்கு இல்லியா?”

“மாஸ்டருக்கு.”

அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் ஒயர்கூடையிலிருந்து ஒரு கறுப்புக் கவரை எடுத்தாள். உள்ளே ஆட்டு ஈரல். ஜன்னல்களைச் சாத்தினாள், மிளகைத் தட்டினாள், சட்டியைப் போட்டாள். “அம்மா, இன்னிக்குப் பெரிய வெள்ளி” என்றேன். “தெரியும், உக்காரு” என்றாள். வெங்காயம் வதங்கும் வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது; துப்பிப் பழகிய பழக்கத்தில் எங்கே துப்புவது என்று தேடினேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, உப்பு பார்க்காமலே இறக்கி, சோற்றில் பிசைந்து என் வாயருகே கொண்டுவந்தாள்.

“சாமிக்குக் குடுத்ததுன்னு நெனச்சிதான் சும்மா இருந்தேன். அத நான் எப்டி வாணாங்கறது? எலும்பா போறத பாத்துக்கினே இருந்தேன்டி” என்றாள்.

முதல் வாயை மென்றுகொண்டே இருந்தேன். எதையாவது பேசி நேரம் கடத்த, ஈரலை எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

“அந்த அட்ட வாங்கும்போதே.”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“இன்னா தெரியும்? ரெண்டு கோடு வந்தாலும் நீ துன்னணும். ஒரு கோடு வந்தாலும் நீ துன்னணும். வாயத் தொற.”

நான் சட்டி காலியாகும்வரை தின்றேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, “நேத்து எங்கியோ ஈரல் வறுத்த வாசன” என்று மூக்கை உறிஞ்சியபோது, அம்மா “அப்டியா?” என்று கேட்டுவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்திவிடும், அப்படியே விட்டால் எலும்பும் பலவீனமாகும் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கம்பெனி யூனிபார்மோடு நேராகத் திடலுக்குப் போனாள். “எம்பொண்ணுக்கு மாசக்கணக்கா வரல மாஸ்டர்” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எட கொறைக்கத்தான் சொன்னேங்க்கா. இது எனக்குத் தெரியாது” என்றார். அது உண்மைதான். “தெரியலன்னா கேக்கறது?” என்றாள் அம்மா. அதுவும் உண்மைதான்.

தேர்வுக்குப் போக அவள் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போனேன். எடைமேடையில் ஏறியதும் என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். என் இடது கார்னரில் வேறொருத்தி நின்றாள்; தேவி தேர்வானாள். அந்தக் கோடை முழுக்க அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழைக்காலத்தில் வகுப்பில் இருக்கும்போது மறுபடியும் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அன்று ஓவர்டைம் பார்க்காமல் வந்திருந்தாள், “வந்துச்சா” என்று கேட்டுவிட்டு என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கல்லூரியில், பெரிய வரம்பு உள்ள பிரிவில், ஆசை தீர ஆடினேன். ஆனாலும் அந்த மாவட்ட அணி போனது இன்றும் வலிக்கிறது. அம்மா செய்தது சரி என்று தெரிந்தே வலிக்கிறது.

இப்போது நானும் ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். திடல் இருந்த இடம் ஒரு சரக்குக் கிடங்கு. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஊரில் பெண்கள் கபடி அணி இல்லை. எங்கள் கம்பெனிப் பெண்கள் டேட்டைப் பற்றிக் கேன்டீனிலேயே சத்தமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்க நன்றாக இருக்கிறது. அதே பெண்கள் போட்டோவில் கன்னம் பெரிதாகத் தெரிகிறது என்று சோற்றைத் தள்ளிவைக்கும்போது மட்டும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. தட்டை அவர்கள் பக்கமே திருப்பித் தள்ளிவிடுகிறேன். என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

இந்தத் தவக்காலத்தில் அம்மாவோடு கோவிலுக்குப் போயிருந்தேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற ஊரே வரிசையில் நின்றது. அம்மா முழங்காலில் இருந்துவிட்டு எழுந்து வந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது சும்மா விளையாட்டாகத்தான் கேட்டேன்: பெரிய வெள்ளியன்று கறி சமைத்ததை எந்த வருடம் சாமியாரிடம் சொன்னாய் என்று.

அம்மா சிரிக்கவில்லை. “இன்னும் சொல்லல.”

“இத்தினி வருஷமா?”

“சொல்லணும்னா, செஞ்சது தப்புன்னு மனஸ்தாபப்படணும்டி. படாம மன்னிப்பு இல்ல. நானும் வருஷா வருஷம் பட்டுப் பாக்கறேன்” என்றாள். “வர மாட்டேங்குது.”