ஒன்றரை மணி நேரத்துச் சென்னை

மாலை நாலு முப்பத்தைந்து. முதலில் கண்ணில் பட்டவை காரின் சக்கரங்கள். கரிசல் மண் அப்பி இரண்டு பங்கு பருத்திருந்தன.

என் அக்கா மகளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த கார் அது. விமானத்தில் தூத்துக்குடி, அங்கிருந்து காரில் கோவில்பட்டி. பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணரை மணி நேரந்தான் அண்ணாச்சி. நீங்க திருநெல்வேலி போயி இறங்குததுக்குள்ள அவிய மெட்ராஸ்ல இருப்பாவ" என்று தரகர் ஒரு மாதமாக ஓதிக்கொண்டிருந்தார். விமானத்தை அவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் அக்கா சம்மதித்திருந்தாள். அத்தான் இல்லை. ஒரே மகள். போன வருஷம் நெஞ்சுவலி வந்தபோது பக்கத்தில் மகள் இருந்ததால் பிழைத்தாள். கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் மகள் இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

கார் வாசலில் நின்றது. யாரும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கே ராகு காலம் பிறந்துவிட்டது. வானத்தில் பறந்து வந்த குடும்பம் ஐந்து நிமிஷத்தில் கோட்டை விட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஆறு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தது. எங்களாலும் உள்ளே வாருங்கள் என்று சொல்ல முடியாது. வடை ஆறியது.

எதிர்வீட்டுக்காரி வேலியருகே வந்து அக்காவைக் கேட்டாள்: "ஏட்டி, வந்தவிய ஏன் இறங்க மாட்டேங்காவ? இன்னும் பறந்துக்கிட்டு இருக்கோம்னு நெனப்போ?"

டிரைவர் மட்டும் இறங்கி, குச்சியால் சக்கரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். விமானம் மழையால் தாமதமாம். அதை ஈடுகட்ட, எட்டயபுரம் தாண்டியதும் மாப்பிள்ளையின் அப்பா போனில் குறுக்கு வழி பார்த்து, கரிசல் காட்டுப் பாதையில் விடச் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் மழை. அச்சு வரை புதைந்த காரை டிராக்டர் வந்து இழுத்திருக்கிறது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். அவரு இந்த ஊருலயே பொறந்தவராம்லா. எனக்கு வழி சொல்லுதாரு" என்றார் டிரைவர்.

மழை பெய்த கரிசலில் மாடுகூட இறங்காது. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அதைப் போன் சொல்லவில்லை போலும்.

ஆறு மணிக்கு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முழங்கால் வரை சேறு. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஃபிளைட் என்னவோ கரெக்டா ஒன்றரை மணி நேரம்தான்."

அக்கா மகள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "காலையில வீட்டை விட்டு எப்போ கிளம்புனீங்க?"

"ஆறு மணிக்கும்மா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் அம்மாதான் சமாளித்தார்: "ஒரு அவசரம்னா இப்படியா ஆகும்? அதெல்லாம் கரெக்டா வந்துடலாம்."

"அவசரம்னா மேகம் வெலகிருமோ?" என்றாள் அக்கா.

தரகர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. அக்கா அவரை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தூத்துக்குடியில் அவர்களுடைய மாலை விமானம் அதற்குள் போய்விட்டிருந்தது. இரவு கோவில்பட்டியில் ரயில் ஏறினார்கள். விடிந்தபோது சென்னையில் இருந்தார்கள்.