புள்ளிக்கு அப்புறம் ஆறு

புற்றுநோய் மருத்துவமனையின் பதிவறையில் பதினேழு வருடமாக நான் எழுத்தர். எலும்புப் புற்று வந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள், எதனால் என்று டாக்டர்கள் ஆராய்வதற்குக் கட்டங்களை நிரப்பிக் கொடுப்பேன். வயது, கட்டியின் அளவு, இடம், நுரையீரலுக்குப் பரவியதா, மருந்துக்குக் கட்டியில் எவ்வளவு செத்தது. கோப்பைப் புரட்டியதுமே ஆள் தேறுமா தேறாதா என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவேன். டாக்டர்கள் தயங்குவார்கள். எனக்கு அவ்வளவு படிப்பில்லை, தயக்கமும் இல்லை.

பிறகு என் முழங்காலே வீங்கியது.

மற்றவர்கள் கடவுளை நினைப்பார்களாம். நான் கட்டங்களை நினைத்தேன். இடுப்பில்லை, கால்: நல்லது. நுரையீரல் சுத்தம்: நல்லது. வயதுதான் இடித்தது: நாற்பதுக்குக் கீழே நல்ல வரிசை, எனக்கு நாற்பதைத் தொட்டு மூன்று வாரம்.

"ஒரு மாசம் முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தா முப்பத்தொன்பதுல சேர்ந்திருப்பேன்" என்றேன்.

"காலேஜ் சீட்டுக்கா அப்ளை பண்றீங்க?" என்றாள் மனைவி.

மிச்சம் ஒரு கட்டம். மருந்து ஏற்றி முடித்ததும் கட்டியை அறுத்தெடுத்து, எத்தனை சதவீதம் செத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். தொண்ணூறிலிருந்து நல்ல வரிசை. எனக்கு வந்தது 89.6.

ஊன்றுகோலோடு பதிவறைக்கு, என் கோப்பை நிரப்பும் எதிர்மேசை அக்காவிடம் போனேன்.

"தொண்ணூறுன்னு போடுங்கக்கா."

"எண்பத்தொன்பதுதான் தம்பி. புள்ளிக்கு அப்புறம் வர்றத வெட்டிடணும்னு எழுதி ஒட்டினது யாரு?"

சுவரில் என் கையெழுத்து. சிவப்பு மை, இரண்டு அடிக்கோடு.

டாக்டரிடம் முறையிட்டேன். "நீங்க என்ன எழுதினாலும் உள்ள மிச்சமிருக்கறது அதைப் படிக்கப் போறதில்ல" என்றார்.

எப்போதோ ஒரு தகப்பனார் தன் மகளின் புள்ளி ஏழுக்காக என்னிடம் கெஞ்சியது ஞாபகம் வந்தது. "கம்ப்யூட்டர் எடுத்துக்காதுங்க" என்று அனுப்பிவைத்தேன். அது எடுத்துக்கொள்ளும். எனக்குத்தான் இன்னும் இரண்டு தட்டு தட்ட விரல் வலித்தது.

அந்தக் கோப்பைத் தேடினேன். ஒன்பது வருடப் பழசு. கடைசிக் கட்டம், இருக்கிறாளா இல்லையா என்பது, காலி. அங்கிருந்த எண்ணுக்கு அடித்தேன். அவளுக்காக இல்லை. பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நான்தான், நீங்க யாரு? வண்டியில இருக்கேன், சட்டுனு சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா. ஒரு புள்ளி விட்டுப்போச்சு."

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

கட்டத்தை நிரப்பினேன். அவளுடைய 89-ஐ 89.7 என்றும் திருத்தினேன். என்னைவிட புள்ளி ஒன்று அதிகம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.