பொனட்டில் விழாத தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான். வண்டியில் சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெயரிங் போயிருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும், எங்காவது காற்றுப் புகுந்திருக்கும், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், எத்தனையோ ஆபீஸ்களில் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், பழகிவிட்டது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் கராஜ். கலவரத்தில் ஒருமுறை எரித்தார்கள், திரும்பவும் தகரம் போட்டுக் கட்டினோம். நானும் என் தங்கை கமலாவின் புருஷன் ரவியும் சேர்ந்து நடத்தினோம், வீடு பின்னாலேயே. ரவி வண்டிக்குக் கீழே படுத்து வேலை செய்வான், யாராவது ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், பல நேரம் கமலாதான் உட்காருவாள். என்ஜின் இரைச்சலில் கத்தினால் கேட்காது, அதனால் ரவி ஸ்பேனரால் சேசிஸில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு என்றால் வலது, மூன்று என்றால் என்ஜினை அணை. அணைத்த பிறகு அவன் வெளியே வந்து பொனட்டில் கையால் ஒரு தட்டுத் தட்டும்வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது. வேறொரு கராஜில் கீழே ஆள் கிடக்கும்போது வண்டியை எடுத்து, அந்த ஆள் நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன், இந்த விஷயத்தில் மட்டும் என்னைக்கூடத் திட்டுவான்.

அந்த ரவியை ஒருநாள் மத்தியானம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலை விற்றவர் பார்த்திருக்கிறார், நம்பர் தகடு இல்லாத பச்சை ஜீப் என்றார், அடுத்த நாள் கேட்டபோது தான் எதையும் பார்க்கவில்லை என்றார். முகாம், பொலிஸ் என்று போன இடத்தில் எல்லாம் அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்று ஒரே பாட்டு. கமலா வெள்ளிக்கிழமைதோறும் அவன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போவாள், வெளிறிய முகத்தோடு திரும்பி வருவாள். நெற்றிப் பொட்டை மட்டும் விடவில்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதையாவது யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்பதுதான் எங்கள் வீட்டில் வருடக்கணக்காக ஒரே பேச்சு.

இப்படி இருக்கும்போதுதான் அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒரு பழைய ஜப்பான் ஜீப்பைக் கொண்டுவந்தார். நாலு சில்லும் இழுக்கிற ஃபோர்-வீல் வண்டி, ஏலத்தில் எடுத்து வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்.

"பாஸ், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா முனகுற மாதிரி சத்தமொண்டு வருது. ரெண்டு பேருட்ட காட்டிட்டேன், ஒண்டும் ஆகல்ல."

"பார்ப்போம் ஹாஜியார். வச்சிட்டுப் போங்க."

பொனட்டைத் திறந்தபோது உள்பக்க மூலையில் பெயின்ட் உரிந்து அடியில் பச்சை தெரிந்தது. அந்த நாட்களில் இந்த நாட்டில் எத்தனை பச்சை ஜீப், அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்த மறுநாள் அது. நம்ம பையன்கள் யாரும் வேலைக்கு வரவில்லை, வந்தால் செக்பொயிண்டில் பிடித்துக்கொள்வார்கள். கமலாவைத்தான் சீட்டில் உட்காரச் சொன்னேன். முன்சில்லு இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அவளை ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னேன். ஸ்டியரிங் பம்பின் எண்ணெயில் நுரை வந்தது, காற்று வெளியேறியது, ஆனால் முனகல் நிற்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தேன், சத்தம் அங்கேதான். உறுதிப்படுத்திக்கொள்ளப் பம்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினைப் போடச் சொன்னேன். முனகல் நின்றுவிட்டது. பம்பின் பெயரிங்தான், சந்தேகமே இல்லை, எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

அப்போது கமலா என்ஜினை அணைத்தாள்.

"ஏன் நிப்பாட்டின?"

"நீங்கதானே அண்ணே தட்டினீங்க. மூணு தட்டு."

"நான் எங்க தட்டினேன்? பொனட்டுக்கிட்டல்ல நிக்கிறேன்."

அவள் முகம் மாறியது. "மூணாவது தட்டு கொஞ்சம் பிந்தி வந்திச்சிண்ணே. அவரு அப்படித்தானே தட்டுவாரு." இறங்கி வந்து தரையில் முழங்காலிட்டு வண்டிக்குக் கீழே பார்த்தாள். எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது. சைலன்சர் சூடேறும்போது தட்டும் பிள்ளை என்றேன், அது உண்மையும்கூட, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லுவான்.

ஹாஜியார் பழைய சாமான் கடையில் தேடி வேறொரு பம்ப் அனுப்பினார். அதை மாட்டிக் காற்று எடுத்தேன், முனகல் துப்புரவாகப் போய்விட்டது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது கமலா வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள், இறங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம், வெயில் இன்னும் இருந்தது. வாவிக் கரைக்கு வரும்வரை வண்டி வெண்ணெய் மாதிரித் திரும்பியது. அங்கே ஒரு சந்தியில் என் பாதத்துக்கு அடியில் ஒரு தட்டு. நம்பினால் நம்புங்கள், காதில் கேட்டதைவிடக் காலில் தெரிந்தது.

"இடது," என்றாள் கமலா.

ஏன் திருப்பினேன் என்று என்னைக் கேட்காதீர்கள், கை திருப்பிவிட்டது. அடுத்த சந்தியில் இரண்டு தட்டு, வலது. அம்பிட்டியப் பக்கம் ஏறுகிற பாதை, வளைவுக்கு மேல் வளைவு, ஒவ்வொரு பிரிவிலும் ஒன்று அல்லது இரண்டு, அவள் சொல்லச் சொல்ல நான் ஒடித்துக்கொண்டே போனேன், வீடுகள் குறைந்து ஆளில்லாத ஒரு சின்னப் பாதைக்கு வந்துவிட்டோம். உயரமான மதில், பூட்டிய இரும்புக் கேட், முள்கம்பி. அந்தக் கேட்டுக்கு நேரே வந்ததும் மூன்று தட்டு. இரண்டு சேர்ந்து, மூன்றாவது பிந்தி.

பிரேக்கை மிதித்து என்ஜினை அணைத்தேன். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. கமலா கையைக் கூப்பிக்கொண்டு பொனட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். அடையாள அட்டை கேட்கவில்லை, ஏன் நின்றாய் என்றும் கேட்கவில்லை. "யன்ன! யன்ன!" என்று கத்தினான், போ போ என்று. பிறகு ஜீப்பை ஒருமுறை பார்த்தான், முன்னால் இருந்து பின்னால் வரை, பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். அவன் எதைக் கண்டு பின்வாங்கினான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. துவக்கு மட்டும் எங்கள் பக்கமே இருந்தது.

நான் சாவியில் கை வைத்தேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே! அவரு இன்னும் வெளிய வரல்ல!"

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? துவக்குக்கு முன்னால் நின்று எங்கள் கராஜ் சட்டத்தை அவனுக்கு விளக்கவா? ஸ்டார்ட் பண்ணினேன். அந்த ஒடுங்கிய பாதையில் திரும்ப ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது, நானே என் கையால் மாட்டிய பம்ப் அது, ஒரு சொட்டுக் காற்று இல்லாத பம்ப், அந்த முனகல் வந்தது. வீடு வரும்வரை வேறு சத்தமே இல்லை.

ஹாஜியார் வண்டியைக் கொண்டுபோய் வருடக்கணக்காக ஓட்டினார். காணும்போதெல்லாம், "சத்தமே இல்ல பாஸ், நீங்க கெட்டிக்காரன்" என்பார். சண்டை முடிந்தது என்று பட்டாசு கொளுத்தினார்கள். அந்த மதிலுக்கு இப்போது நல்ல பெயின்ட் அடித்திருக்கிறார்கள், கேட்டுக்குள் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டோம். இங்கே எப்போதும் முகாம் எதுவும் இருந்ததில்லையாம்.

அன்றைக்குப் பிறகாவது கமலா மனதைத் தேற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் இன்னும் பொட்டு வைக்கிறாள், தலை நரைத்துவிட்டது. ஒருதரம் ஏன் என்று வாய்விட்டுக் கேட்டேன். "அணைக்கத்தானேண்ணே சொன்னாரு. வந்துட்டேன்னு சொல்லலயே," என்றாள்.

நான் இப்போதும் பேயை நம்புகிறவன் இல்லை. ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் சாவியைத் திருப்பும் முன் இறங்கிக் குனிந்து கீழே பார்க்கிறேன், பார்த்த பிறகும் சீட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பையன்கள் பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். பொனட்டில் அந்த ஒரு தட்டு இன்னும் விழவில்லை.