கண்ணாடி அறையின் மைக்

எங்கள் சபையில் அவரை எல்லாரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டுப்போன ஒலிபெருக்கியைப் பழுது பார்க்க வந்தவர், பாடகர் குழுவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இருபது வருடமாகத் தூணுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால், "சத்தம் சரியா இருந்துச்சா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

காத்திருந்து காத்திருந்து பிறந்த மகளுக்கு நாலு வயது. அப்பாவின் பெட்டிக்கு வேலையே வைக்காத தொண்டை. சபைச் செயலாளருக்கோ பிள்ளைச் சத்தம் ஆகாது. பின்பக்கம் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டி, சின்னப் பிள்ளைகளையும் தாய்மாரையும் அதில் அடைத்துவிட்டார். பிரசங்கம் அங்கே ஒரு குட்டி ஸ்பீக்கரில் கரகரக்கும்.

ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மைக்காரரின் மனைவி சொன்னாள்.

"மூணு வருஷமா எல்லாரோட பின்மண்டையையும் பார்த்தாச்சு. யாருக்கு வழுக்கை, யாரு சாயம் பூசுறாங்க, எல்லாம் அத்துப்படி. நாளையோட சரிங்க. இனி நானும் பிள்ளையும் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறோம்."

"அப்ப நான் யாரோட போறது?"

"உங்க பெட்டியோட."



மறுநாள் பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். உள்ளே விட்டால் பலிபீடத்தில் ஏறிவிடுவார்கள் என்று, கண்ணாடி அறைக்கே ஒரு மைக் போடச் சொல்லியிருந்தார் செயலாளர். பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். மைக்காரர் அந்த மைக்கை மூடினார். போதகர் பிரசங்கத்தில் இறங்கினார்.

நாற்பதாவது நிமிடம் அந்த மைக் எப்படியோ திறந்துகொண்டது.

"கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்," என்றார் போதகர்.

"மூணாவது கடைசி!" என்று சபை முழுக்க ஒரு பெண்குரல் அதிர்ந்தது. செயலாளரின் மருமகள். "எங்க மாமாவப் பாருங்கக்கா, வாயப் பொளந்துட்டுத் தூங்குறாரு."

அடுத்தது மைக்காரர் மகள். "அந்தத் தாத்தா தூங்கலாம், நான் பாடக் கூடாதாம்மா?"

செயலாளர் விழித்துக்கொண்டார். போதகர் "கடைசியாக..." என்று ஆரம்பித்து, முடியாமல் சிரித்துவிட்டார். "கதவைத் திறந்து விடுங்கப்பா. உள்ள வந்து உக்காந்தே எண்ணட்டும்."

வெளியே செயலாளர் மைக்காரரைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா இது?"

"லூஸ் கனெக்ஷன்ங்கய்யா."

"இருபது வருஷத்துல ஒருதரம்கூட வரலயே?"

"அதான்ங்கய்யா. பழைய வயரு."

அடுத்த சனிக்கிழமை மனைவி மகளின் கவுனுக்கு இஸ்திரி போட்டாள். இப்போது இருவருக்கும் மூன்றாம் வரிசை. போதகர் "கடைசியாக" என்றதும் அங்கிருந்து "ஒண்ணு!" என்று குரல் வரும். பிரசங்கம் இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி அறையில் கால் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன.

அந்த வயரை மட்டும் மைக்காரர் இன்னும் மாற்றவில்லை.