பல் திரும்பியது, வேர் திரும்ப வேண்டாமா?

பூதப்பாண்டியில் என் மைத்துனிக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“எல்லாரும் கொஞ்சம் சிரிச்ச முகமா இரிங்கோ!”

எனக்குக் குப்பென்று வியர்த்தது.

சிரிக்கச் சொன்னால் ஒரு மனுஷனுக்கு ஏன் வியர்க்க வேண்டும்? காரணம், எனக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவி பகவதி. அவள் பல்லில் ஒரு கம்பி. அந்தக் கம்பியை வைத்து அந்த வீட்டில் நடந்த சண்டை இருக்கிறதே...

இருங்கள். நான் எப்போதும் இப்படித்தான் — பஸ் நிற்பதற்கு முன்னால் குதிக்கிற ஆசாமி. முதலிலிருந்தே சொல்கிறேன்.

பகவதிக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் உள்ளே தள்ளி, கொஞ்சம் திரும்பியும் நிற்கும். கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும் பிள்ளை மாதிரி. எனக்கு இது தெரியவந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். பெண் பார்க்கப் போன அன்று, கேட்ட கேள்விக்கெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். ‘அடக்கமான பொண்ணு’ என்று என் அப்பா பூரித்துப்போனார். ‘வாயத் திறக்கும்போ கையை வச்சுக்கோ’ என்று அவள் அம்மா உள்ளே சொல்லி அனுப்பியிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?

எட்டு வருஷம் ஆகிறது. கை இறங்கவில்லை. பல் கோணல் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பல்லைப் பிடிக்கும். ஆனால் சிரிப்பு வந்தால் அவள் கை தானாக மேலே போய்விடும். கண்ணாடி முன்னால் தனியாகச் சிரித்தாலும் போகும்.

எங்கள் மகள் வள்ளிக்கு நாலு வயசு. அரிசி அரிசியாகப் பல். ஒரு நாள் நான் வாசற்படியில் தடுக்கி விழுந்தேன் (அவசரம்தான், வேறென்ன?). பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது... வாயைக் கையால் பொத்திக்கொண்டு! பகவதி என்னைத் தூக்கிவிடவும் மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சிரிக்கும்போ எதுக்கு மக்கா வாயைப் பொத்துக?”

“பொம்பளைங்க எல்லாம் அப்படித்தானேம்மா சிரிப்பாவ?”

அன்று சாயந்தரமே என்னிடம் வந்தாள். “என் பல்லை நேராக்கணும். எங்கையாவது டாக்டர் உண்டுமா, விசாரிங்கோ.”

உண்டு. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, நாகர்கோவிலில் ஒரு சின்ன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பல் டாக்டர். தக்கலையிலிருந்து பஸ் ஏறினோம். ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிய தகட்டில் ஒரு வளையம் மாட்டினார். வளையத்தின் மேல் கடுகளவில் ஒரு பிடி. அதற்கு பிராக்கெட் என்று பெயராம். பிடியின் நடுவில் கம்பி உட்கார ஒரு சின்னப் பள்ளம், அதுதான் காடி. அந்தக் காடிகள் வழியாக ஒரு கம்பியை வளைத்துவிட்டு, நூல் போன்ற இன்னொரு கம்பியால் இறுகக் கட்டினார். அவ்வளவுதான்!

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. “கல்யாணமும் ஆயாச்சு, பிள்ளையும் ஆயாச்சு. இனி பல்லு நேராயி யாருக்குக் காட்டணும்?” என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் தங்கள் பல்லை வெற்றிலைக்குத் தாரைவார்த்தவர்கள்.

எனக்குப் பொறுக்காதது வேறு. தினமும் காலையில் டார்ச் லைட்டோடு அவள் முன்னால் போய் நிற்பேன். “வாயைத் திற... நகர்ந்திருக்கா?”

“நாத்தை நட்டுட்டு தெனமும் பிடுங்கிப் பாத்தா எப்படி வேரு பிடிக்கும்? டார்ச்சை அணையுங்கோ!” என்பாள்.

ஆறு மாசத்தில் பல் வரிசைக்கு வந்துவிட்டது. அசல் சமத்துப் பிள்ளையாக முன்னால் பார்த்து நின்றது. நான் துள்ளிக் குதித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். “முடிஞ்சுதா டாக்டர்?”

“பாதி முடிஞ்சுது” என்றார் அவர். “பல்லோட தலைதான் முன்னால வந்திருக்கு. ஈறுக்கு உள்ள வேரு பழைய இடத்துலதான் கிடக்கு. பல்லு சாய்ஞ்சு நிக்குது ஸார்.”

எனக்குப் புரியவில்லை. கையை மூடச் சொன்னார். மூடிய கைக்குள் ஓர் உருண்டைப் பென்சிலைச் செருகி, அதன் நுனியைப் பிடித்துத் திருகினார். பென்சில் கைக்குள்ளேயே சுற்றியது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இவ்வளவு நாளும் போட்டிருந்தது உருண்டைக் கம்பி. தள்ளும், இழுக்கும். முறுக்க இதால ஆகாது.”

பென்சிலை உருவிவிட்டு ஒரு தட்டை ஸ்கேலைச் செருகினார். “இறுக்கிப் பிடிங்க.” திருகினார். அம்மாடி! மணிக்கட்டு திரும்பியது, முழங்கை திரும்பியது, நானே நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

“இனிமே போடப்போறது பட்டைக் கம்பி. காடியும் அதே அளவுதான், அதனால உள்ள சுத்த முடியாது. நான் அதைக் குறடால லேசா முறுக்கிட்டு மாட்டுவேன். அது தன் முறுக்கை அவுத்துக்கிடத்தான் பாக்கும். பிராக்கெட் விடாது. அப்போ பல்லு திரும்பித்தானே ஆகணும்? வேரோட திரும்பும்.”

இருப்புக்கொள்ளாத ஒரு கம்பி! எனக்கு அதை உடனே பிடித்துப்போயிற்று. “இன்னும் பலமா முறுக்கினா சீக்கிரம் முடியாதா டாக்டர்?”

“முடியாது ஸார். வேரு போற பக்கம் எலும்பு கரையணும், விட்டுட்டு வந்த பக்கம் எலும்பு வளரணும். நாம அவசரப்பட்டா வேரே கரைஞ்சு போகும்.”

“சரி, இப்பவே கம்பியை எடுத்துட்டா?”

“பல்லு வந்த வழியே போயிரும்.”

எங்கள் பக்கம் எந்த மாநிலத்தோடு சேரும், இனி அரசாங்கம் திருவனந்தபுரத்திலா சென்னையிலா என்று ஊரே தவித்துக்கொண்டிருக்கிற நேரம். எனக்கோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேரைப் பற்றிய கவலை. வெளியே பார்க்க நேராகிவிட்டால், வேலை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தானே நாம்? இந்த டாக்டர் மாதிரி, யாரும் பார்க்காத பாதிக்காக இன்னும் ஆறு மாசம் கேட்கிறவர் எத்தனை பேர்?

பட்டைக் கம்பி மாட்டிய கையோடு மைத்துனியின் கல்யாணம் வந்தது. நாங்கள் நான்கு நாள் முன்னதாகவே போய் இறங்கினோம். என் மாமியார் மகளின் வாயைப் பார்த்தார்.

“ஏட்டி, பல்லுதான் நேராயாச்சே! இன்னும் என்னத்துக்கு இந்தக் கம்பி? மாப்பிள வீட்டுக்காரங்க பாத்தா நம்ம குடும்பத்துல ஏதோ கொறைன்னுல்லா நெனைப்பாவ?”

பகவதி எடுக்க மாட்டேன் என்றாள். மாமியார் விடுகிறவரா? “நம்ம ஆசாரி வந்திருக்காரு. ஒரு நொடியில வெட்டி எடுத்துருவாரு. கல்யாணம் கழிஞ்ச பொறவு மாட்டிக்கிடலாம்.”

சொல்லி வாய் மூடவில்லை, நகை வேலைக்கு வந்திருந்த ஆசாரி குறடும் கையுமாக வந்து நின்றார். நான் அடுக்களைக்கு ஓடினேன். ஒரு மத்தையும் ஒரு தோசைத் திருப்பியையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். மாமியார் கையைப் பிடித்து விளக்க முடியுமா? ஆசாரியின் கையைப் பிடித்தேன். மத்தின் கம்பைச் செருகித் திருகினேன், ஒன்றும் ஆகவில்லை. தோசைத் திருப்பியின் தட்டைக் காம்பைச் செருகித் திருகினேன்.

“அய்யோ, என் மணிக்கட்டு!” என்று அலறிய ஆசாரி, “எனக்குத் தாலிக்கொடி வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்தார்.

“மாப்பிளைக்கு என்ன ஆச்சுட்டி?” என்றார் மாமியார், மகளைப் பார்த்து.

பகவதி சிரிக்கவில்லை. “அம்மா, பெண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ ஒரு தடவதான் சொன்ன. எட்டு வருஷமா என் கை அங்கதான் நிக்கு. என் கதை போகட்டும். இப்போ உன் பேத்தியும் வாயைப் பொத்திக்கிட்டுல்லா சிரிக்கா? அவ பல்லுல என்ன கோணல் இருக்கு?”

மாமியார் மத்தையும் தோசைத் திருப்பியையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அடுக்களைக்குள் போனவர், கல்யாண நாள் வரைக்கும் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த லட்சணத்தில்தான் போட்டோக்காரர் எங்களைச் சிரிக்கச் சொன்னார்! எனக்கு ஏன் வியர்த்தது என்று இப்போது தெரிகிறதா?

எனக்கும் அந்தப் பக்கம் நின்ற மாமியாருக்கும் நடுவில் பகவதி. அவள் காலடியில் வள்ளி. எல்லாரும் உம்மென்று நின்றோம். அப்போது பார்த்து மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்து அவர் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. முற்றமே கொல்லென்று சிரித்தது. பகவதியும் சிரித்தாள்.

கை மேலே போயிற்று.

பல் நேராகி எத்தனை நாளாயிற்று! இன்னுமா? கீழே பார்த்தால், வள்ளியின் குட்டிக் கையும் அவள் வாய் மேல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லுக்கு ஒரு கம்பி கண்டுபிடித்தார்கள், இந்தக் கைக்கு என்ன செய்வது?

பேத்தியைக் குனிந்து பார்த்த மாமியார், சட்டென்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையை எடு மக்கா. பிள்ள பாக்கால்லா?”

பிடித்த கையைக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் விடவில்லை. வள்ளி அம்மாவைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள், தன் கையையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு ஈ என்று இளித்தாள்.

“அசையாதீங்கோ!” போட்டோக்காரர் கேமராக் கண்ணின் மூடியைக் கழற்றி, மெதுவாகத் திரும்ப மாட்டினார்.

நேற்று அந்தப் போட்டோ தபாலில் வந்தது. பகவதி வாய் நிறையச் சிரிக்கிறாள், கம்பி பளிச்சென்று தெரிகிறது. வள்ளியின் பற்களை எண்ணிவிடலாம். மாமியாரின் விரல்கள் இன்னும் மகளின் மணிக்கட்டை விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத் தலைப்பாகைக் கவலை.

நானா? இவர்கள் சிரிப்பதை எட்டிப் பார்க்கிற அவசரத்தில் அசைந்துவிட்டேன் — என் இடத்தில் ஒரு வெள்ளைப் புகைதான் விழுந்திருக்கிறது!