ரப்பர் தண்ணீரில் எரிந்த அடுப்பு

வட்டிக்குக் கொடுக்கிற பூதலிங்கம் பிள்ளைக்கு நான் ஒருகாலத்தில் எட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். முதல் வெல்டிங் மெஷின் வாங்கிய வகையில். பதினான்கே மாதத்தில் வட்டியோடு அடைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எவனும் பாறசாலையில் அப்படி அடைத்ததில்லை. அங்கிருந்து காட்டாக்கடை வரை உள்ள இரும்புக் கேட்டுகளில் பாதி இந்த யோசுவாவின் கை பட்டவை. மகன் ஷார்ஜாவில், மகள் கனடாவில். இரண்டு பேரையும் படிக்க வைத்தது இதே கைதான். என் மனைவி ஜெயபாய் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் ஆறு அறைகள், எல்லாம் மார்பிள். ஐந்தைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

போன ஜூனில் ஸ்ரீகலா டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவர். கழிவிலிருந்து உபயோகமான ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஒரு கல்லூரி போட்டி வைத்திருக்கிறது, குழுவுக்கு நான்கு பேர் வேண்டும் என்றார்.

"மூணு பேரு ஆச்சு மேசிரி. நாலாமத்த ஆளு நீங்களாக்கும்."

"நான் இல்லாம நடக்காதோ?"

"ஒழுகாம டாங்கு செய்ய இங்க வேற ஆளு உண்டா?"

இல்லை. அது எனக்கும் தெரியும்.

ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட்டாக அடித்த பிறகு, புளித்த தண்ணீர் மிஞ்சும். எல்லாரும் அதைத் தோட்டு ஓடையில் கொட்டுவார்கள், ஊரே நாறும். அதைச் சாணியோடு சேர்த்து டாங்கில் அடைத்தால் அடுப்பெரிக்கக் கேஸ் கிடைக்கும் என்பது டீச்சரின் யோசனை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கனகதாஸ் தண்ணீர் கொண்டுவருவான். பசு வளர்க்கிற பிந்து சாணி கொண்டுவருவாள். டாங்கு என் வேலை. வைக்கிற இடம் என் முற்றம்.

பதினோரு நாளில் டாங்கை முடித்தேன். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. தினமும் சாயந்தரம் மூன்று பேரும் வந்தார்கள், தண்ணீரும் சாணியும் ஊற்றினோம், கொஞ்ச நாளில் அடுப்பில் தீ பிடித்தது. டவுனுக்குப் போய் மூன்று நாற்காலி வாங்கிப் போட்டேன்.

பிறகு மழை பிடித்தது. நான்கு நாள் ரப்பர் வெட்டு இல்லை. தண்ணீர் இல்லை, யாரும் வரவும் இல்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. அன்றும் ஆளைக் காணவில்லை. ஆறாம் நாள் நானே கனகதாஸின் ஷெட்டுக்குப் போனேன். அவன் ஒரு உறவுக் கல்யாணத்துக்காக ஒற்றசேகரமங்கலம் போயிருந்தான். இரண்டு பேரல் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆட்டோ பிடித்து ஏற்றி வந்து டாங்கில் ஊற்றினேன். நிறைந்துவிட்டால் மறுநாளே எல்லாரையும் கூப்பிடலாம் அல்லவா?

மறுநாள் அடுப்பு எரியவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நடுவர்கள் வர எட்டே நாள். மூன்று பேரும் ஓடி வந்தார்கள். டீச்சர் குழாயை முகர்ந்தார். கனகதாஸ் டாங்கைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, வெல்டு ஒழுகுதோ?"

எனக்குச் சுருக்கென்றது. "எலே, என் வெல்டு ஒழுகாது. உன் ஷெட்டுல பேரல்ல கிடந்த வெள்ளத்த நான்தான் கொண்டுவந்து டாங்குல ஊத்தினேன்."

"அய்யோ! அது இரட்ட ஆசிட்டாக்கும். கல்யாணத்துக்குப் போணும்னு பால் சட்டுன்னு உறைய விட்டது."

மழைக்காலத்தில் அவசரம் வந்தால் எல்லா வெட்டுக்காரனும் செய்கிறதுதான். அந்த ஆசிட், சாணியில் கேஸ் உண்டாக்குகிற உயிரையெல்லாம் கொன்றுவிடும் என்று டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன்.

"பேரல்ல எழுதி வச்சிருக்கப்படாதாலே?"

"எழுதி வச்சா நீங்க வாசிப்பியளோ?"

பிந்து வாயைப் பொத்தினாள்.

"வாசிப்பேன்லே," என்றேன். "அஞ்சாங் கிளாஸ் வர."

அவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். டீச்சரும் சிரித்தார்.

பாதித் தண்ணீரை இறைத்து, ஆசிட்டை முறிக்கச் சுண்ணாம்பு கலக்கினோம். காலையும் சாயந்தரமும் புதுச் சாணி. எட்டு நாளும் முற்றத்தில் ஆள் இருந்தது. பிந்து புட்டு கொண்டுவருவாள். கனகதாஸ் என்னை வைது கொண்டே தின்பான். அந்த எட்டு நாளில் ஒருவேளைகூட நான் தனியாகச் சாப்பிடவில்லை.

நடுவர்கள் வந்த அன்று தீக்குச்சி கிழித்தது நான். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் அடுப்பு நீலமாகப் பிடித்தது. அதிலேயே பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் பரிசு, இருபதாயிரம். முதல் இரண்டும் காலேஜ் பிள்ளைகளுக்கு. எங்கள் டாங்கு மாதிரி அவர்களிடம் ஒன்றும் கிடையாது. நான் போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் கனகதாஸிடம்தானே இருக்கிறது, டாங்கும் அங்கேயே இருக்கட்டும் என்று மூவரும் சொன்னார்கள். நியாயம்தான். குழாயைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொடுத்தவனும் நான்தான். அதன் பிறகு மூன்று வாரம் என் கேட்டை யாரும் திறக்கவில்லை.

நேற்று டீச்சர் வந்தார், பரிசுப் பணத்தில் என் பங்கோடு. செருப்பைக் கழற்றவில்லை.

"மத்த ரெண்டு பேருக்கும் குடுத்தாச்சு மேசிரி. இது உங்களுக்கு."

"சாயா போடட்டா?"

"வேண்டாம், பஸ்ஸு போயிரும்."

கவரை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எண்ணித் தாங்க டீச்சர்."

"சரியா இருக்கு. அய்யாயிரம்."

"இருக்கட்டும். பையப் பைய எண்ணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் தரையில் வைத்தார். நான் கையை விரித்தேன். ஒவ்வொரு ஐந்நூறாக, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டுச் சொல்லி, பத்து நோட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.